இடது பக்கம் எப்படித் தெரிந்தது?

ஜூலை 8, செவ்வாய்

கோலாலம்பூர் வந்து சேர்ந்தோம்.

பயிற்சி முகாமில் மனநலம் பற்றிப் பேச வந்த அம்மா ஆளுக்கொரு டைரி கொடுத்தார். போட்டி முடியும்வரை மனதில் இருப்பதை தினமும் எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்றார். யாருக்கும் காட்ட வேண்டாம் என்றால் ஒவ்வொரு டைரியிலும் எங்கள் பெயரை ஒட்டிக் கொடுத்தது எதற்கு? திரும்ப வாங்கிப் படிக்கத்தான். அதில் தினமும் 'நன்றாகத் தூங்கினேன்' என்று எழுதிவிடுவேன். உள்ளதை எழுதுவது இந்த நோட்டில், நான் காசு கொடுத்து வாங்கியது.

தொலைந்தால் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் வேல்மயில். ஊர் பெரியகுளம். இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கேப்டன். தயவுசெய்து படிக்காமல் கொடுத்துவிடவும்.

இது ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. ஆறு நாடுகள் வந்திருக்கின்றன, ஒரே ஓர் அணிதான் மேலே போகும். போன தடவையும் அதற்கு முந்தைய தடவையும் வாசல் வரை வந்து தோற்றுத் திரும்பினோம். எனக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. அடுத்த தடவை நான் இருக்க மாட்டேன். இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

என் அறையில் ஜெனோவாவைப் போட்டிருக்கிறார்கள். தூத்துக்குடிப் பெண், இருபது வயது, முதல் வெளிநாட்டுப் பயணம். நான் ஆடும் இடத்துக்கு எனக்கு மாற்றாக வந்திருப்பவள். இருக்கிற பன்னிரண்டு பேரில் இவளை ஏன் என் அறையில் போட வேண்டும்? என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்ள என்கிறார் கோச் குல்தீப் மேடம். என்னைப் பார்த்துக்கொண்டே இருக்க என்று எனக்குப் படுகிறது.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்கள். ஜெனோவா திரும்பி இறங்கி வந்து என் பெட்டியைப் பிடித்தாள்.

"தாங்கக்கா, நான் தூக்கிட்டு வாரேன். நீங்க மெள்ள ஏறி வாங்க."

மெள்ள ஏறி வா என்று நான் கேட்டேனா? பெட்டியை விடவில்லை. நானேதான் தூக்கி வந்தேன். கொஞ்சம் நேரமாயிற்று, அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

முதல் பயிற்சி. அரங்கம் நன்றாக இருக்கிறது, தரை வழுக்கவில்லை. சாப்பாட்டில் எதைத் தொட்டாலும் நெத்திலி இருக்கிறது.

என் வேலை பந்தை மேலே கொண்டு வருவது, கையால் சைகை காட்டுவது, மற்ற நால்வரையும் ஓட வைப்பது. முஷ்டியைத் தூக்கினால் எங்கள் நெட்டைக்காரி லிஜி வந்து எனக்கு மறைப்புக் கட்டி, அதாவது ஸ்க்ரீன் போட்டு, நிற்பாள். நான் அவளை ஒட்டி இடது பக்கம் வெட்டிக் கூடைக்குப் போவேன். இரண்டு விரல் காட்டினால் பந்து வலது மூலைக்குப் போகும். இன்னும் சில உண்டு. ஆனாலும் இந்த அணி பிழைப்பது இந்த இரண்டில்தான், அதிலும் முஷ்டியில்தான். இதை நான் சொல்லவில்லை, மேடமே சொன்னார்.

ஜெனோவா ஓரத்தில் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடியோ ஆளுக்கு விசா கிடைக்காமல் டெல்லியிலேயே நின்றுவிட்டார். அதற்காக இவளை யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

"எதுக்குடி இது?"

"சும்மாக்கா. நீங்க ஆடுறதப் பாத்துப் படிக்கத்தான்."

"நேர்ல நின்னு பாத்தா பத்தாதா?"

சிரித்துவிட்டுப் போனை உள்ளே வைத்தாள்.

இடது முட்டிக்கு மாட்டும் உறை, நீ-கேப், தளர்ந்துவிட்டது. கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது, இழுத்து இழுத்து விட வேண்டியிருக்கிறது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும். மாலையில் சாப்பாட்டு அறையில் ஒரு பாட்டில் நிறைய ஐஸ் வாங்கி வந்தேன். எனக்குத் தண்ணீர் ஜில்லென்று இருக்க வேண்டும். தலைவலி. ஒரு மாத்திரை.

ஜூலை 10, வியாழன்

மலேசியாவோடு முதல் ஆட்டம். ஜெயித்தோம். ஆனால் அது ஜெயித்த மாதிரியே இல்லை.

முஷ்டியைத் தூக்கும்போதெல்லாம் இடது பக்கத்தில் இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். நான் வந்த பிறகு அல்ல, நான் கிளம்புவதற்கு முன்பே. ஒருத்தி என்னைப் பார்க்கக்கூட இல்லை, நேராக அந்த இடத்துக்கு ஓடி நின்றாள். லிஜி ஆறடி மூன்று அங்குலம் இல்லாவிட்டால், விட்ட பந்தையெல்லாம் அவள் பிடித்துப் போடாவிட்டால், தோற்றிருப்போம்.

கை குலுக்கும்போதுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நல்லா ஆடினீங்கக்கா! லிஜி லிஜின்னு கத்துனீங்களே, தொண்டை வலிக்கலயா?"

தமிழ்! லோகேஸ்வரி என்று பெயர். இந்த நாட்டிலேயே ஈப்போ என்ற ஊராம்.

நானும் ஜெனோவாவும் லிஜியும் ஆட்டத்தில் தமிழிலேயே கத்திக்கொள்வது வழக்கம். லிஜி கேரளத்துப் பெண், ஆனாலும் எங்களோடு சேர்ந்து தமிழ் அவளுக்கு நன்றாகவே வரும். கொரியாக்காரிக்கும் தாய்லாந்துக்காரிக்கும் என்ன புரியப் போகிறது என்று 'மாறு', 'பின்னால பாரு', 'நான் போறேன்' என்று ஊர் தெப்பக்குளத்தில் நின்று கத்துவது போலக் கத்துவோம். மலேசியாவிலும் அதையே செய்திருக்கிறோம். இந்த ஊரில் வரும் வழியெல்லாம் கடைப் பலகைகளிலேயே தமிழ் இருந்தது. என் அறிவைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

மேடத்திடம் சொன்னேன். இனி ஆட்டத்தில் தமிழ் கிடையாது, அதற்கு நெருங்கிய மலையாளமும் கிடையாது. சைகைகளையும் மாற்றினோம். முஷ்டிக்குப் பதில் காதைத் தொடுவது, இரண்டு விரலுக்குப் பதில் ஜடையைப் பின்னால் தள்ளுவது. போன்களையெல்லாம் வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு முடிவு செய்தோம். கதவைச் சாத்தச் சொன்னது நான்தான்.

லிஜிக்குத்தான் கஷ்டம். "தமிழும் இல்ல, மலையாளமும் இல்லன்னா பின்ன நான் எந்த பாஷையில பயப்படணும் சேச்சி?" என்றாள்.

காலைச் சாப்பாட்டில் ஜெனோவா அந்த லோகேஸ்வரியோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நான் தட்டோடு பக்கத்தில் போனதும் பேச்சு நின்றது. "பசியாறிட்டீங்களாக்கா?" என்று லோகேஸ்வரி மரியாதையாகக் கேட்டாள். மரியாதைக்குக் குறைவில்லை. எழுந்து போகும்போது பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து ஜெனோவாவிடம் கொடுத்ததையும் பார்த்தேன்.

மத்தியானம் அறைக்கு வந்தால் அந்தப் பொட்டலம் என் பக்கத்து மேசையில் இருக்கிறது. "உங்களுக்குத்தான், பிரிச்சுப் பாருங்கக்கா" என்றாள். எதிரணிக்காரி கொடுத்ததை நான் எதற்குத் தொட வேண்டும்? மேசை இழுப்பறையில் தள்ளி மூடினேன்.

ஜூலை 12, சனி

தாய்லாந்திடம் தோற்றோம். நல்ல அடி.

தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. புதுச் சைகை. காதைத் தொட்டேன், அங்கே நின்றார்கள். நாலைந்து முறை காதைத் தொடாமல் கண்ணால் மட்டும் லிஜிக்குச் சொன்னேன். அப்போதும் அங்கே நின்றார்கள். தாய்லாந்தில் எவளுக்கும் தமிழ் தெரியாது, சத்தியம் செய்து சொல்வேன். மலேசியா இன்னொரு ஆட்டத்தில் தோற்றதால் கணக்கில் தப்பித்து அரையிறுதிக்கு வந்திருக்கிறோம்.

எனக்கு இப்போது தெளிவாகிவிட்டது. விஷயம் வெளியே கேட்டுப் போகவில்லை, உள்ளேயிருந்து போகிறது.

பேருந்து ஓட்டுநரை யோசித்தேன். எப்போதும் தூங்குகிறார். எங்களைக் கவனித்துக்கொள்ள இந்த ஊர்க்காரர்கள் போட்டிருக்கும் அம்மா எங்கள் பயிற்சியின்போது கோர்ட்டுக்கு உள்ளே வருவதே இல்லை. பன்னிரண்டு பேரில் நான் தோற்றால் யாருக்கு லாபம் என்று யோசித்தால் விரல் ஒருத்தியிடம்தான் போய் நிற்கிறது. நான் இடறினால் அந்த இடம் யாருக்கு?

திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்கிடாதிய. ஒண்ணு சொல்லுதேன்."

"சொல்லு."

"நீங்க அந்த நீ-கேப்ப அடிக்கடி தொடுதிய. தொடாம இருந்தா நல்லது. பாக்கவங்களுக்கு..."

"யாருடி பாக்குறா? தோத்துட்டு வர்றோம், ஒனக்கு என் நீ-கேப்தான் கண்ணுல படுதா?"

"இல்லக்கா, வலிச்சா..."

"எனக்கு ஒண்ணும் வலிக்கல."

என் முட்டியை இவள் ஏன் கவனிக்கிறாள்? மேடத்திடம் போய் 'அக்காவுக்கு முடியல' என்று ஒரு வார்த்தை போட்டு வைக்கத்தான். எங்கள் அணியில் காயம் பார்க்கும் பிசியோவிடம் நானே முந்திக்கொண்டு போய், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஐஸ். மாத்திரை இரண்டு. தலைவலி இன்று கூடுதல்.

ஜூலை 13, ஞாயிறு

ஓய்வு நாள். துணி துவைத்தேன். ஜன்னல் கம்பி இல்லாத ஊரில் சாக்ஸ் எங்கே காயப்போடுவது? விளக்கின் மேல் போட்டு, அது கருகி நாறி, ஒரு ஜோடி போயிற்று.

மூன்று மணி இருக்கும். சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தேன். குளியலறையில் ஜெனோவா குழாயைத் திறந்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். குளிக்கப் போனவள் எதற்குப் பேச வேண்டும், பேசுகிறவள் எதற்குக் குழாயைத் திறக்க வேண்டும்? கதவருகே போய் நின்றேன். நின்றேன்தான், மறைக்க என்ன இருக்கிறது.

"ஸ்க்ரீன் வந்ததும் இடது பக்கந்தான் போறாங்க. ஆமா, எல்லாத் தடவையும். கால ஊன்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருது... நேத்து ஆட்டத்து வீடியோவும் அனுப்புதேன், பாத்துட்டு ஒடனே சொல்லு. யார்ட்டயும் சொல்லிராத என்ன? வெளிய தெரிஞ்சா அவ்ளோதான்."

எனக்கு வந்தது கோபமா பயமா தெரியவில்லை. திரும்பினால் என் கைப்பையின் ஜிப் பாதி திறந்திருக்கிறது. நான் எப்போதும் முழுக்க மூடித்தான் வைப்பேன். உள்ளே எதுவும் போகவில்லை, மாத்திரை அட்டை மட்டும் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

இருபது வயதுக்கு இவ்வளவு! பெட்டியைத் தூக்கிக் கொடுப்பது, அக்கா அக்கா என்பது, எல்லாம் இதற்குத்தான்.

நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன், தெரியாத இடத்தில் கையால் காட்டினேன். படம் பிடித்தது, பொட்டலம், குளியலறைப் பேச்சு. மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ நிச்சயமாகச் சொல்கிறாயா?" என்று கேட்டார். நிச்சயம் என்றேன்.

சாயங்காலம் ஜெனோவாவைக் கூப்பிட்டு விசாரித்தார். போனை வாங்கி வைத்துக்கொண்டார். யாரிடம் பேசினாய் என்றதற்கு, "எங்க அக்காட்ட" என்றாளாம். என்ன பேசினாய் என்றதற்கு வாயே திறக்கவில்லையாம். பதில் இல்லை என்றால் என்ன அர்த்தம்? அரையிறுதியில் அவள் இல்லை. வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

துணிகளை எடுத்து வைக்கும்போது என்னைப் பார்த்தாள். அழவில்லை. "வாரேன்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 14, திங்கள்

இந்தோனேசியாவை ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

மாற்று ஆள் இல்லாததால் ஆரம்பம் முதல் முடிவு வரை நானே ஆடினேன். எல்லோரும் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். நன்றாக இருந்திருக்க வேண்டும்.

இவர்களும் இடது பக்கத்தில் நின்றார்கள்.

முன்பே சொல்லிக் கொடுத்திருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும். போனைப் பிடுங்குவதற்கு முன்பே எல்லா அணிக்கும் அனுப்பியிருப்பாள். எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் இதில் எதுவோ இடிக்கிறது. தாய்லாந்துக்கும் இந்தோனேசியாவுக்கும் மலேசியாவுக்கும் இந்தச் சின்னப் பெண் எந்த மொழியில் சொல்லியிருப்பாள்? அவளுடைய ஆங்கிலத்தில் ஒரு பிளேட் சோறு வாங்குவதே பெரிய பாடு.

அறை காலியாகக் கிடக்கிறது. தலைவலி என்று எழுதப்போனேன். தலை வலிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

காலைச் சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். லோகேஸ்வரி நம் ஊர் பரோட்டா மாதிரி இருக்கும் ரொட்டி சானாய்த் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவர்களுக்கு ஐந்தாம் இடத்துக்கான ஆட்டமும் முடிந்துவிட்டது, கவலையில்லாமல், பேச்சுக்குப் பேச்சு இந்த ஊர் 'லா' போட்டுக்கொண்டு இருந்தாள்.

"ஃபைனல் வாழ்த்துக்கா. முட்டி இப்ப எப்படி இருக்கு?"

"என் முட்டிக்கு என்ன?"

"அந்த டேப் ஒட்டுனீங்களா? நல்ல டேப் லா அது, எங்க ஃபிசியோகிட்ட கெஞ்சி வாங்குனேன். அந்தத் தங்கச்சி தவிச்சுப்போயி கேட்டுச்சு. ஒரு அக்காவுக்கு முட்டி ரொம்ப வீங்கியிருக்கு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கிறாங்க, எங்க அக்காகிட்டதான் கேட்டுட்டு இருக்கேன்னுச்சு. அவங்க அக்கா ஃபிசியோவாம்ல, பாளையங்கோட்டையில."

"அது நான்தான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

லோகேஸ்வரி என்னை விநோதமாகப் பார்த்தாள். நான் விளையாடுகிறேனா என்று பார்த்தாள் போலிருக்கிறது.

"என்னக்கா, தெரியாத மாதிரி கேக்குறீங்க. எங்க கோச் முதல் நாளே உங்க போன வருசத்து ஆட்டத்தைப் போட்டுக் காட்டினாரு. பெரிய திரையில. நீங்க இடது பக்கம் போறதுக்கு முன்னாடி அந்த நீ-கேப்பை மேல இழுத்து விடுவீங்க. இழுக்கலன்னா பாஸ் பண்ணுவீங்க. நீங்க கையை எங்க தூக்குறீங்கன்னு நாங்க பாக்கவே இல்ல லா. கால மட்டும் பாருங்கன்னாரு. தாய்லாந்துக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். உங்க டீம்ல யாரும் சொல்லலியா?"

சொன்னாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி சொன்னாள்.

அறைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். பொட்டலத்தில் தோல் நிறத்தில் ஒரு சுருள் டேப். அதோடு ஒரு துண்டுச் சீட்டில், எப்படி ஒட்ட வேண்டும் என்று முட்டியின் படம் போட்டு ஜெனோவா அம்புக்குறி இட்டிருந்தாள். படத்தில் முட்டி சப்பாத்திக் கட்டை மாதிரி இருந்தது. படுக்கையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

இனி எழுதிவிடுகிறேன். தலைவலி ஒன்றும் இல்லை. ஐஸ் தண்ணீர் குடிக்க இல்லை. காலை ஊன்றி இடது பக்கம் வெட்டும்போது உள்ளே ஏதோ நழுவுகிறது. அந்த வலி வருமே என்ற பயத்தில் கை தானாக அங்கே போகிறது. அதை நான் ஒருமுறைகூட நினைத்துச் செய்ததில்லை. நான் யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்ததை, ஒரு ஆட்டம் விடாமல், அரங்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்ததும் அக்காவிடம் அதன் பெயரைச் சொல்லத்தான் இருக்கும். அவள் மேடத்திடம் வாய் திறக்காததற்கும் இதுதான் காரணம். என்ன பேசினாய் என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்னால் என் முட்டி வெளியே வந்துவிடும்.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ஜெயித்தாலும் ஆசியக் கோப்பைக்கு நீ வர முடியாது. தெரிந்துதான் சொல்கிறாயா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"அப்படியானால் நாளைக்கு ஜெனோவாதான் ஆட வேண்டும். ஆனால் இனி ஆடவே மாட்டேன் என்று நேற்றே சொல்லிவிட்டாள். போய் நீயே பேசு."

போனேன். லிஜியின் அறையில் ஜெனோவா ஷூ லேஸைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ட்ட தனியா சொல்லி என்னக்கா செய்ய? டீம் முழுக்க என்னத் திருடி மாரி பாக்கு. சாப்பாட்டு மேசையில பக்கத்துல உக்காந்தவ எந்திச்சுப் போறா. எல்லாத்துக்கும் முன்னாடி சொல்லுங்க."

மாலைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். என் இந்தி ரயிலில் டீ வாங்கும் அளவுக்குத்தான். 'ஜெனோவா சோர் நஹி' என்று ஆரம்பித்தேன், அவள் திருடி இல்லை என்று. அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பாதிப் பேருக்கு நான் என்ன சொல்கிறேன் என்றே புரியவில்லை. கடைசியில் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து நீ-கேப்பைக் கழற்றினேன். முட்டி பன் மாதிரி வீங்கியிருந்தது. பிறகு வெறும் முட்டியில் நீ-கேப்பை இழுத்து விடுவது போலக் காட்டினேன், இடது பக்கம் கையை நீட்டினேன். ஹரியானாக்காரி ஒருத்தி வாயில் கை வைத்துக்கொண்டாள். புரிந்துவிட்டது.

கேப்டன் என்று பெருமையாக நின்ற அதே இடத்தில் ஒற்றைக் காலில் நின்றேன். நீ-கேப்பை அங்கேயே குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தேன்.

ஜெனோவா ஆடச் சம்மதித்துவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை, மேடத்திடம் சொன்னாள்.

ஜூலை 16, புதன்

இறுதி ஆட்டம், கஜகஸ்தான். நான் பெஞ்சில்.

பெஞ்சிலிருந்து ஆட்டம் வேறு மாதிரி தெரிகிறது. ஜெனோவா என்னை விட வேகம். அவசரப்படுகிறாள், பந்தைக் கோட்டைவிடுகிறாள், ஆனால் இடது, வலது என்று எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. இருக்கட்டும், மறைக்கப் போவதில்லை.

முதல் பாதியில் அவர்கள் கை ஓங்கியிருந்தது. பிறகு லிஜி மலை மாதிரி நின்றாள், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வந்தோம். கடைசியில் ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம், பந்து எங்கள் கையில், ஒரே ஒரு முறை போடலாம். மேடம் டைம்அவுட் கேட்டார். எல்லோரும் வட்டமாக நின்றோம். பலகையில் கோடு போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். கையெல்லாம் மை.

ஜெனோவா மூச்சு வாங்கிக்கொண்டே இந்தியில் ஏதோ சொன்னாள். மேடம் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

ஜெனோவா தன் பையைத் துழாவி எதையோ எடுத்து என் மடியில் போட்டாள். என் பழைய நீ-கேப். குப்பைக் கூடையில் போட்டது இவள் பைக்குள் எப்படி வந்தது என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது, பிறந்த குணம் போகுமா.

"மாட்டிட்டு வாங்கக்கா. ஓட வேண்டாம். சும்மா இழுத்து மட்டும் விடுங்க."

மூன்று நாளில் அவளாக என்னிடம் வந்து பேசியது இதுதான்.

உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் கஜகஸ்தான் கோச் எழுந்து நின்று எதையோ கத்தினார். எனக்கு அவர்கள் மொழி தெரியாது, ஆனால் என்ன கத்தினார் என்று தெரியும். பந்து என் கைக்கு வந்தது. காதைத் தொட்டேன். லிஜி வந்து மறைப்புக் கட்டினாள். குனிந்து நீ-கேப்பை நன்றாக, ஊருக்கே தெரியும்படி, மேலே இழுத்து விட்டேன்.

அவ்வளவு பேரும் இடது பக்கம் ஓடினார்கள். வலது மூலையில் ஜெனோவா தனியாக நின்றாள், பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பந்தைத் தூக்கி அவளிடம் போட்டேன். அவள் அவசரப்படவில்லை.

நான் நின்ற இடத்தை விட்டு ஓரடி நகரவில்லை. இந்தியாவுக்காக நான் ஆடிய கடைசி ஆட்டம் நீ-கேப்பை இழுத்து விட்டது மட்டும்தான்.

எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். முட்டியை நினைத்து நான் தள்ளி நின்றேன். ஜெனோவா குவியலிலிருந்து எழுந்து என்னிடம் வந்தாள்.

"கோவமெல்லாம் போச்சாடி?"

யோசித்துத்தான் பதில் சொன்னாள். "கோவம் இல்லக்கா. ஆனா அந்த ரூமுக்குத் திரும்பி வரமாட்டேன்."

"சரி" என்றேன்.

ஜூலை 17, வியாழன்

விமான நிலையம். மேடம் முகாம் டைரிகளை எல்லோரிடமும் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறார். நான் சொன்னேனா இல்லையா! என்னுடையதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தினமும் நன்றாகத் தூங்கியிருக்கிறாய்" என்றார்.

ஆசியக் கோப்பைக்குப் போகும் அணியில் நான் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. லிஜி மட்டும் என் பையையும் சேர்த்துத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டாள். இந்த முறை கொடுத்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பாடு கிடைக்க நேரமானது. ஜெனோவா எனக்குப் பின் வரிசையில் உட்கார்ந்து போனில் பேச ஆரம்பித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆமா, இங்கதான் இருக்காங்க" என்பது காதில் விழுந்தது. என் கழுத்து தானாகப் பின்னால் சாய்ந்தது. அது சாய்வதை நானே பார்த்தேன். எழுந்து, கால் வலிக்க வலிக்க நடந்து, எதிர் வரிசையின் கோடியில், ஒன்றும் கேட்காத இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே வந்தாள்.

"எங்கக்கா எந்திச்சுப் போயிட்டிய? எங்க அக்கா உங்கட்ட பேசணுமாம். வீடியோவெல்லாம் பாத்துட்டா."

போனை நீட்டினாள். வாங்கினேன். ஒன்றுமில்லை, லேசான வலி, இப்போதுதான் பத்து நாளாக என்று சொல்ல நாக்கு நுனியில் வார்த்தை தயாராக இருந்தது.

அந்தப் பக்கம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு குரல், வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டது.

"எத்தன வருசமா வலிக்கு?"

எத்தனை நாள் என்று கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

"ரெண்டு வருசமா" என்றேன். ஜெனோவா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.